பரணில் இருந்த ஸ்பிரிங்

தெய்வசிகாமணி பட்டறையில் சேர்ந்த முதல் நாளே ஒரு கேள்வி கேட்டார்.

"தூரப் பயணம் போற வண்டிக்கு எந்த முன் ஃபோர்க் நல்லதுங்க, மாஸ்டர்?"

கமருன்னிசா மூலையில் கிடந்த எடை மெஷினைக் காட்டினார்.

"ஏறுங்ணா."

ஏறினார். முள் எழுபத்தெட்டில் நின்றது.

"பையில என்ன இருக்குது?"

"சாப்பாடு. கொஞ்சம் ஸ்பேனர்."

"அதையும் தூக்கிட்டு ஏறுங்க."

எண்பத்திரண்டு.

"தனியாப் போவீங்களா, வீட்ல அவங்களையும் கூட்டிட்டா?"

"நான் எங்கயும் போகலீங்க. பொதுவாத்தான் கேட்டேன்."

"பொதுவான ஆளு யாராச்சும் வந்தா சொல்றேங்ணா," என்றார் கமருன்னிசா. பிறகு தன் வேலையைப் பார்க்கப் போய்விட்டார்.

ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு ஏறும் சாலையில், செக்போஸ்ட்டுக்குக் கொஞ்சம் முன்னால் இருந்தது அந்தப் பட்டறை. மற்ற பட்டறைகளில் எஞ்சின் பார்ப்பார்கள், பஞ்சர் பார்ப்பார்கள். இங்கே முன் ஃபோர்க் மட்டும்தான். சக்கரத்தை இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு, பள்ளம் மேட்டில் அமுங்கி எழும் அந்த இரண்டு கால்கள். அவற்றுக்காகவே கொச்சியிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். மலையேறப் போகிறவர்கள் ஏறும் முன்பு நின்றார்கள். இறங்கி வந்தவர்கள் இறங்கிய பிறகு நின்றார்கள்.

கமருன்னிசாவுக்கு முப்பத்தெட்டு வயது. தெய்வசிகாமணிக்கு ஐம்பத்திரண்டு. கோயம்புத்தூரில் ஒரு பெரிய சர்வீஸ் சென்டரில் இருபத்து நான்கு வருஷம் இருந்தவர் அவர். கடைசி ஒன்பது வருஷம் அங்கே அவர்தான் தலைமை. ஒரு நாள், அங்கே மூன்று முறை ரப்பர் சீல் மாற்றியும் எண்ணெய் ஒழுகுவது நிற்காத வண்டி ஒன்றை அதன் சொந்தக்காரர் இங்கே கொண்டுவந்தார். ஒழுக்கு நின்றது. விஷயம் தெய்வசிகாமணியின் காதுக்குப் போனது. அவர் இரண்டு வாரம் யோசித்தார். வேலையை விட்டுவிட்டு, தன் ஸ்பேனர் பெட்டியோடு பஸ் ஏறி வந்துவிட்டார்.

"என்னைய எதுக்குங்ணா மாஸ்டர்னு கூப்பிடறீங்க? அம்மிணின்னே கூப்பிடுங்க," என்றார் கமருன்னிசா.

"வீட்டுக்கு வந்தா அம்மிணி. பட்டறையில மாஸ்டர்," என்றார் அவர்.

இரண்டாம் நாள் அவர் அந்த ஒழுகிய வண்டியைப் பற்றிக் கேட்டார்.

"நான் போட்டதும் புது சீல்தான். நீங்க போட்டதும் புது சீல்தான். அப்புறம் எப்படி நின்னுச்சு?"

கமருன்னிசா அலமாரியிலிருந்து அந்த வண்டியின் பழைய ஃபோர்க் குழாயை எடுத்துக் கொடுத்தார். குரோமியப் பூச்சு கண்ணாடி போல மின்னியது.

"இதுல குறை எங்க இருக்குதுன்னு பாருங்க."

வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார்.

"குறையே இல்லீங்களே."

"கட்டைவிரல் நகத்தை வெச்சு இழுங்க. மெதுவா. சுத்தி வாங்க."

நகம் வழுக்கிக்கொண்டு போனது. ஓர் இடத்தில் நின்றது. கடுகில் பாதி இருக்கும், ஒரு குழி.

"சீலைக் கிழிச்சது இதுதானுங்க," என்றார் கமருன்னிசா. "நீங்க சீலை மட்டும் பாத்தீங்க."

அன்று மாலை வரை தெய்வசிகாமணி அந்தக் குழாயைக் கீழே வைக்கவில்லை.

கார்த்திகை மாதத்து வெயில் ஏறிக்கொண்டிருந்த ஒரு காலையில், ஒரு பெரிய பயணவண்டி வந்து நின்றது. பின்னால் இரண்டு பக்கமும் அலுமினியப் பெட்டிகள். ஓட்டிவந்தவர் ஹெல்மெட்டைக் கழற்றினார். ஐம்பத்தைந்து வயதிருக்கும் ஓர் அம்மா. ஒல்லியான உடம்பு. பின்னால் உட்கார்ந்திருந்தவர் பெரிய ஆள். அவர் இறங்கும்போது முதலில் வண்டியின் பெட்டியைத் தொட்டார், பிறகு அந்த அம்மாவின் தோளைத் தொட்டார், பிறகுதான் காலைத் தரையில் வைத்தார்.

உடுமலைப்பேட்டைக்காரர்கள். அவர் பேர் அருணகிரி. கால்வாய் ஓவர்சியராக இருந்து ஓய்வு பெற்றவர். அந்த அம்மா செண்பகவல்லி. கிராம நர்ஸாக இருந்தவர்.

பேசியதெல்லாம் அருணகிரிதான்.

"பத்து நாள்ல கட்ச் போறோமுங்க. குஜராத்ல. அங்க ஒரு உப்புப் பாலைவனம் இருக்குது. போக வர அஞ்சாயிரம் கிலோமீட்டர் ஆகும். முன்னாடி ஃபோர்க்கை இன்னும் கொஞ்சம் கெட்டியாக்கணும். உள்ள இருக்கற பழைய ராடை எடுத்துட்டு புதுசா கார்ட்ரிட்ஜ் வருதாமே, அது போடணும். ஏற்கெனவே நான் நல்ல கெட்டி ஸ்பிரிங் போட்டு வெச்சிருக்கேன். எண்ணெயும் திக்கா ஊத்தியிருக்கேன். அப்படியும் பத்தல."

"பத்தலைன்னு எப்படித் தெரிஞ்சுதுங்க சார்?" என்று கேட்டார் கமருன்னிசா.

"இவ கை மரத்துப் போகுதுங்க. எண்பது கிலோமீட்டர் தாண்டுனா விரலை மடக்க முடியல. கெட்டியா இருந்தா அதிர்வு வராதில்ல?"

தெய்வசிகாமணி ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். கமருன்னிசா அவரைப் பார்க்காமலே செண்பகவல்லியிடம் திரும்பினார்.

"அக்கா, எங்க போனா வலிக்குது?"

செண்பகவல்லி கணவரை ஒரு முறை பார்த்தார்.

"பெரிய பள்ளத்துல ஒண்ணும் தெரியறதில்ல. அங்கதான் மெதுவாப் போறனே. நல்ல ரோட்லதான் வலி. ஸ்பீடு பிரேக்கருக்கு முன்னாடி மஞ்சக் கோடு வரிசையாப் போட்டிருப்பாங்கல்ல? பாலத்துல இணைப்பு வருமில்ல? அது ஒவ்வொண்ணும் மணிக்கட்டுல வந்து உட்காருது."

"வண்டியை எத்தனை வருஷமா நீங்க ஓட்டறீங்க?"

"மூணு வருஷம். அதுக்கு முன்னாடி இவர்தான். நான் பின்னாடி."

"எனக்குக் கண்ணு குறுகிட்டு வருதுங்க," என்றார் அருணகிரி. ஊர் பேர் சொல்வது போலச் சாதாரணமாகச் சொன்னார். "பைப்புக்குள்ள பாக்கற மாதிரி. சுத்தியும் இருட்டு, நடுவுல மட்டும் கொஞ்சம். அந்தப் பைப்பும் வருஷா வருஷம் சிறுசாகுது. லைசென்சை நானே கொண்டுபோய்க் குடுத்துட்டேன். வண்டியை வித்தறலாம்னு சொன்னேன். இவ ஒரு மாசம் ஒண்ணும் பேசல. அப்புறம் போய் ஓட்டக் கத்துட்டு வந்து நின்னா. அம்பத்திரண்டு வயசுல."

செண்பகவல்லி கையுறையைக் கழற்றிக்கொண்டிருந்தார். விரல்கள் வெளிறிப் போயிருந்தன.

"டாக்டர் என்ன சொல்றாருங்க சார்?"

"அடுத்த வருஷம் பைப் எவ்வளவு இருக்கும்னு சொல்ல முடியாதுங்கறாரு. அதான் இந்த வருஷமே."

தெய்வசிகாமணி கமருன்னிசாவைத் தனியாக அழைத்தார்.

"விஷயம் தலைகீழா இருக்குதுங்க. அந்தம்மா எடைக்கு ஸ்பிரிங்கை இளக்கமாக்கணும். அவரு கெட்டியாக்கச் சொல்றாரு. எடுத்துச் சொல்லிப்போடலாமா?"

"என்னன்னு சொல்லுவீங்க?"

"நீங்க போட்டது தப்புன்னு."

கமருன்னிசா டூல்ஸ் தட்டிலிருந்து ஒயர் கட்டும் மெல்லிய பிளாஸ்டிக் டை ஒன்றை எடுத்தார். முன் சக்கரம் தரையில் படாமல் வண்டியை ஸ்டாண்டில் தூக்கி நிறுத்தினார். ஃபோர்க் குழாயில் டையைச் சுற்றி, சீலுக்கு ஒட்டி இறக்கி வைத்தார். சக்கரத்தைத் தரையில் விட்டார்.

"அக்கா, முன்னாடி உட்காருங்க. சார், நீங்க பின்னாடி. வழக்கம் போல."

உட்கார்ந்தார்கள். இறங்கினார்கள். வண்டியை மறுபடி தூக்கினார். பாரம் ஏறியபோது ஃபோர்க் எவ்வளவு அமுங்கியதோ அவ்வளவுக்கு டை மேலே தள்ளப்பட்டு நின்றது. டைக்கும் சீலுக்கும் நடுவில் இடைவெளி.

"சார், இங்க வாங்க. கையைக் குடுங்க."

அருணகிரியின் விரலைப் பிடித்து அந்த இடைவெளியில் வைத்தார்.

"சுண்டுவிரல் நகம்கூட நுழையல," என்றார் அருணகிரி.

"ஆமாங்க. கட்டைவிரல் நுழையற அளவு அமுங்கணும். இப்ப டையைக் கீழ இறக்கிட்டேன். நீங்க முன்னாடி உட்காருங்க. அக்கா, நீங்க பின்னாடி."

அருணகிரி அசையவில்லை.

"நானா?"

"வண்டி ஓடாதுங்க சார். நின்னுட்டேதான் இருக்கும்."

அவர் வண்டியைச் சுற்றி வந்தார். டேங்கைத் தொட்டார். காலைத் தூக்கிப் போட்டு உட்கார்ந்தார். கை தானாக ஹேண்டில்பாருக்குப் போனது. கிளட்சைப் பிடித்தது, விட்டது. பின்னால் செண்பகவல்லி ஏறி உட்கார்ந்தார். எங்கே கை வைப்பது என்று கொஞ்ச நேரம் தெரியாமல் இருந்தார். பிறகு கணவரின் இடுப்பில் வைத்தார்.

சாலையில் ஒரு பஸ் ஹார்ன் அடித்துக்கொண்டு மலைக்குத் திரும்பியது.

"போதுங்க," என்றார் கமருன்னிசா.

அருணகிரி இறங்கி வந்து, யாரும் பிடித்து வைக்காமல், தானே விரலை அந்த இடத்துக்குக் கொண்டுபோனார். கட்டைவிரல் முழுசாக நுழைந்தது. சரியாக நுழைந்தது. விரலை எடுக்காமல் கொஞ்ச நேரம் அப்படியே குந்தி உட்கார்ந்திருந்தார்.

"எனக்கு அளவாத்தான் இருக்குது," என்றார்.

"ரொம்ப அளவா இருக்குதுங்க சார். யார் போட்டது?"

"நானே போட்டது."

"நல்லாப் போட்டிருக்கீங்க."

அவர் எழுந்தார். கையை வேட்டியில் துடைத்தார்.

"வண்டியோட வந்த கம்பெனி ஸ்பிரிங்கு பரண் மேல இருக்குது," என்றார். "எண்ணெய் தடவித் துணி சுத்தி வெச்சிருக்கேன். நாளைக்குக் கொண்டாறோம்."

தெய்வசிகாமணி இதையெல்லாம் பார்த்துக்கொண்டு நின்றார். தான் சொல்லியிருக்கக்கூடிய வார்த்தைகளை நினைத்துப் பார்த்தார்.

அருணகிரி பக்கத்துக் கடையில் டீ சொல்லப் போனார். கடை பத்தடிதான். தடுமாறாமல் போனார். அப்போது செண்பகவல்லி தணிந்த குரலில் சொன்னார்.

"ஸ்பிரிங்குதான் காரணம்னு எனக்குத் தெரியும் அம்மிணி. ரெண்டு வருஷமாத் தெரியும்."

"அப்புறம் எதுக்குங்க்கா சொல்லல?"

"அவரு கடைசியா அந்த வண்டிக்குப் பண்ணுன வேலை அது. மூணு நாள் குந்தி உட்கார்ந்து பண்ணுனாரு. பாதி கண்ணுல, பாதி தடவிப் பாத்து. அதைக் கழட்டச் சொல்றதுக்கு எனக்கு வாய் வரல. கைதானே மரத்துப் போகுதுன்னு விட்டுட்டேன்."

மறுநாள் ஸ்பிரிங்குகள் வந்தன. பழைய வேட்டித் துணியில், ஒவ்வொன்றும் தனியாக. துருவின் சாயல்கூட இல்லை.

வேலையை தெய்வசிகாமணியிடம் கொடுத்தார் கமருன்னிசா. அவர் இரண்டு கால்களையும் கழற்றினார். பழைய எண்ணெயை வடித்தார். கூழ் போல இறங்கியது. உள்ளே கழுவினார். குழாய்களை நகத்தால் சுற்றி வந்து பார்த்தார். புது சீல் போட்டார். அருணகிரி ஒரு ஸ்டூலைப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். எந்தப் பாகம் கழன்றது என்பதைச் சத்தத்தை வைத்தே சொன்னார்.

ஒரு விஷயத்தில் தெய்வசிகாமணிக்குச் சந்தேகம் வந்தது.

"மாஸ்டர், கம்பெனி ஸ்பிரிங்கு அந்தம்மாவுக்குச் சரிங்க. ஆனா பின்னாடி இவரு, ரெண்டு பெட்டி. பலமா பிரேக் பிடிச்சா வண்டி மூக்கு முங்கிப்போயிருமே?"

கமருன்னிசா பிவிசி குழாயில் கட்டைவிரல் நீளத்துக்கு இரண்டு துண்டு வெட்டினார். அரத்தால் ஓரம் தேய்த்தார். ஸ்பிரிங்குக்கு மேலே வைக்கும் ஒட்டுத் துண்டுகள் அவை.

"மூக்கு எறங்க ஆரம்பிக்கறப்ப இது தாங்கும்," என்றார். பிறகு மெல்லிய எண்ணெயை ஊற்றினார். வழக்கத்தைவிட ஒரு விரற்கடை கூடுதலாக ஊற்றினார்.

"எத்தனை மில்லிங்க?" என்று கேட்டார் அருணகிரி.

"மில்லியை நான் பாக்கறதில்லீங்க சார். மேல எவ்வளவு காத்து மிச்சம் விடறோம்னுதான் பாக்கறது. எண்ணெய் ஏற ஏற காத்துக்கு எடம் கம்மி. ஆழமா அமுங்கும்போது அந்தக் காத்து எதுத்து நிக்கும்."

"அப்ப காத்தும் ஒரு ஸ்பிரிங்கு."

"ஆமாங்க சார். அதைப் பரண்ல வெக்க முடியாது, அவ்வளவுதான்."

அருணகிரி சிரித்தார். இரண்டு நாளில் அதுதான் முதல் சிரிப்பு.

மதியத்துக்குள் சக்கரம் பூட்டியாகிவிட்டது. தெய்வசிகாமணி தன் பெட்டியிலிருந்து டார்க் ரெஞ்சை எடுத்தார். இறுக்க வேண்டிய அளவு வந்ததும் 'டிக்' என்று சொல்லும் ஸ்பேனர் அது. சக்கரத்தின் அச்சு, அச்சைக் கவ்விப் பிடிக்கும் சின்ன போல்ட், பிரேக் போல்ட்டுகள், மேலே இரண்டு கால்களையும் பிடித்திருக்கும் தட்டின் போல்ட்டுகள். ஒவ்வொன்றும் 'டிக்' என்றது. இருபத்து நான்கு வருஷமாக அந்தச் சத்தம் அவரை ஏமாற்றியதில்லை.

டையை வைத்து மறுபடி அளந்தார்கள். இந்த முறை செண்பகவல்லி முன்னால் உட்கார்ந்தபோது கட்டைவிரல் முழுசாக நுழைந்தது.

அவர் செக்போஸ்ட் வரை ஓட்டிப் போனார். அங்கே சாலையில் மஞ்சள் கோடுகள் உண்டு. திரும்பி வந்து எஞ்சினை அணைத்தார்.

"ரொம்பத் தேவலை," என்றார். பிறகு, நர்ஸாக இருந்தவருக்கு உரிய கறாரோடு, "ஆனா கோடு இன்னும் கடிக்குது. முன்ன மாதிரி இல்ல. ஆனாலும் கடிக்குது," என்றார்.

தெய்வசிகாமணியின் முகம் வாடியது. ரெஞ்சை எடுத்து எல்லா போல்ட்டையும் மறுபடி சோதித்தார். டிக். டிக். டிக்.

"எல்லாம் அளவுப்படிதாங்க இருக்குது மாஸ்டர்."

"ஆமாங்ணா. நம்பரெல்லாம் சரியா இருக்குது."

கமருன்னிசா அருணகிரியிடம் போனார்.

"சார், ஒருக்கா வாங்க. முன் பிரேக்கைப் பிடிச்சுட்டு, ஹேண்டிலை அமுக்கிப் பாருங்க."

அருணகிரி எழுந்து வந்தார். அமுக்கினார். வண்டி அமுங்கி எழுந்தது. மறுபடி அமுக்கினார். தலையைக் கொஞ்சம் சாய்த்துக்கொண்டார்.

"கீழ போறதுக்கு முன்னாடி ஒரு தயக்கம் இருக்குது," என்றார். "கதவு நெலைல உரசுனா இருக்குமில்ல, அப்படி."

தெய்வசிகாமணியும் அமுக்கிப் பார்த்தார். அவர் கைக்கு ஒன்றும் தெரியவில்லை. வழவழவென்று போய் வந்தது. அவர் அருணகிரியைப் பார்த்தார், கமருன்னிசாவைப் பார்த்தார்.

கமருன்னிசா கீழே உட்கார்ந்தார். அச்சின் வலதுபக்கம், ஃபோர்க் காலின் அடியில் இருக்கும் அந்தச் சின்ன போல்ட்டைத் தளர்த்தினார். அச்சை அப்படியே விட்டார்.

"சார், அமுக்கிட்டே இருங்க. நீங்க சொல்ற வரைக்கும் நான் இறுக்க மாட்டேன்."

அருணகிரி கண்ணை மூடிக்கொண்டார். அமுக்கினார், விட்டார். அமுக்கினார், விட்டார். வண்டி மூச்சு வாங்குவது போல ஏறி இறங்கியது.

"இன்னும் இல்லீங்க."

எட்டு முறை. ஒன்பது முறை.

"கொஞ்சம் வந்திருக்குது. இன்னும் இல்ல."

செண்பகவல்லி டேங்கின் மேல் கை வைத்து நின்றார். யாரும் அவசரப்படுத்தவில்லை. கமருன்னிசா ஸ்பேனரைப் பிடித்தபடி, தலை நிமிராமல், தரையில் உட்கார்ந்திருந்தார். இந்தப் பட்டறைக்கு எவ்வளவோ பேர் வந்திருக்கிறார்கள். வேலை நடக்கும்போது இன்னொருவர் வார்த்தைக்காக அவர் கையை நிறுத்தி வைத்திருந்ததை தெய்வசிகாமணி அதுவரை பார்த்ததில்லை.

பதினாலாவது முறை அமுக்கியபோது, அருணகிரியின் தோள் இறங்கியது.

"இப்ப," என்றார்.

கமருன்னிசா இறுக்கினார்.

"அண்ணா, உங்க ரெஞ்சை வெச்சுப் பாருங்க."

தெய்வசிகாமணி வைத்தார். டிக். முன்பு கேட்ட அதே சத்தம்தான். ஆனால் ஹேண்டிலை அமுக்கியபோது, முன்பு இல்லையென்று அவர் நினைத்திருந்த தயக்கம் இப்போது இல்லாமல் போனது அவர் கைக்கே தெரிந்தது.

"நான் முதல்ல அந்த போல்ட்டை இறுக்கிட்டேன்," என்றார். "கால் கோணலா நின்னப்பவே பிடிச்சுக் கட்டிட்டேன்."

"கோணல்னு சொல்ல ஒரு நூல்கூட இருக்காதுங்ணா. மஞ்சக் கோடும் அவ்வளவு உயரந்தான்."

செண்பகவல்லி மறுபடி வண்டியை எடுத்தார். இந்த முறை அருணகிரியும் பின்னால் ஏறினார். செக்போஸ்ட் வரைக்கும்தான் என்று சொல்லிப் போனவர்கள் ஒரு மணி நேரம் கழித்து வந்தார்கள். ஒன்பதாவது வளைவு வரை போய், அணையைப் பார்த்துவிட்டு வந்ததாகச் சொன்னார்கள். கோடு கடித்ததா என்று தெய்வசிகாமணி கேட்டார்.

"எந்தக் கோடு?" என்றார் செண்பகவல்லி.

பத்தாவது நாள் புறப்பட்டுப் போனார்கள். பிறகு ஒரு மாதம் எந்தச் செய்தியும் இல்லை. தெய்வசிகாமணி அந்த ஒரு மாதத்தில் பதினேழு வண்டிகளின் சக்கரங்களைப் பூட்டினார். ஒவ்வொன்றிலும் சின்ன போல்ட்டைக் கடைசியாக வைத்துக்கொண்டார். ரெஞ்சை எடுக்கும் முன்பு கண்ணை மூடிக்கொண்டு அமுக்கிப் பார்த்தார். முதலில் ஒன்றும் தெரியவில்லை. ஆறாவது வண்டியிலோ ஏழாவது வண்டியிலோ ஏதோ தெரிந்த மாதிரி இருந்தது. தெரிந்ததா, தெரிய வேண்டும் என்ற ஆசையா என்று அவருக்கே சொல்ல முடியவில்லை. கமருன்னிசாவிடம் அதைச் சொன்னார். "அந்தச் சந்தேகம் இருக்கட்டுங்ணா," என்றார் அவர்.

தை பிறந்த மூன்றாம் நாள் அந்த வண்டி வந்து நின்றது. பெட்டிகள் மேல் செம்மண். ஃபோர்க் கால்கள் மேல் வெள்ளைப் படலம். செண்பகவல்லியின் கன்னமெல்லாம் கறுத்துப் போயிருந்தது. ஹெல்மெட்டைக் கழற்றியதும் இரண்டு கைகளையும் நீட்டி, விரல்களை விரித்து மடக்கிக் காட்டினார். அருணகிரி இறங்கி வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"உப்புப் பாலைவனம் பாத்தீங்களா சார்?" என்று கேட்டார் கமருன்னிசா.

"பாத்தனுங்க." ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டார். "வண்டியை நிறுத்திட்டு ரெண்டு பேரும் உள்ள நடந்து போனோம். ஒரு எடத்துல நின்னேன். எந்தப் பக்கம் திரும்புனாலும் வெள்ளைதான். எனக்கு எப்பவும் பைப்போட விளிம்பு தெரியுமில்ல, அங்க அது தெரியல. நடுவுல இருக்கறதும் ஓரத்துல இருக்கறதும் ஒண்ணாவே இருந்துச்சு. கண்ணு நல்லாயிருச்சோன்னு நெனச்சுட்டேன். கொஞ்ச நேரந்தான். ஆனா நெனச்சேன்."

செண்பகவல்லி சாலைப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

"இன்னொண்ணு சொல்லணுமுங்க," என்றார் அருணகிரி. "திரும்பி வர்றப்ப, மகாராஷ்டிரால ஒரு எறக்கத்துல லாரி ஒண்ணு திடீர்னு குறுக்க வந்துருச்சு. இவ பிரேக் பிடிச்சா. நான் பின்னாடி உட்கார்ந்துட்டு, முடிஞ்சுதுன்னு நெனச்சேன். மூக்கு எறங்குச்சு, ஒரு எடத்துல நின்னுச்சு. அமைதியா நின்னுச்சு. எனக்கு இவளையும் தெரிஞ்சுது, வண்டியையும் தெரிஞ்சுது. நான் ஓட்டியிருந்தா அவ்வளவு நல்லாப் பிடிச்சிருக்க மாட்டேன்."

கமருன்னிசா தலையை ஆட்டினார். அவர்களுக்கு டீ வந்தது. டீ குடித்துவிட்டு அவர்கள் பக்கத்திலிருந்த கோயிலுக்குப் போனார்கள். வண்டி பட்டறையிலேயே நின்றது. உப்பு பட்ட ஃபோர்க்கை அப்படியே விட்டால் குரோமியம் அரித்துவிடும். அதனால் தெய்வசிகாமணி உடனே வேலையைத் தொடங்கினார். தண்ணீர் விட்டுக் கழுவினார். தூசு மறைப்புகளை மெல்ல நெம்பி மேலே தள்ளினார். அடியில் உப்பும் மண்ணும் சேர்ந்து வளையம் கட்டியிருந்தது. ஈரத் துணியால் துடைத்தார், உலர்ந்த துணியால் துடைத்தார், விரலால் கிரீஸ் வைத்தார்.

கமருன்னிசா எதிரில் உட்கார்ந்து வேறொரு ஃபோர்க் காலைப் பூட்டிக்கொண்டிருந்தார். ஸ்பிரிங் உள்ளே இறங்கியது. மேல் மூடியைக் கையில் எடுத்தார்.

தெய்வசிகாமணி ஒரு மாதமாகக் கேட்க நினைத்திருந்ததைக் கேட்டார்.

"மாஸ்டர், அன்னிக்கு ரெஞ்சு சொன்னதை நான் நம்பினேன். நீங்க அவரு சொன்னதை நம்புனீங்க. ஒரு தடவை கூட மேல நிமிந்து பாக்கல. கண்ணு தெரியாத மனுஷன், எதை வெச்சு 'இப்ப'ன்னு சொன்னாரு? நீங்க எப்படி அந்த எடத்துல இறுக்குனீங்க?"

கமருன்னிசா மூடியை வைத்துத் திருகினார். அது கடைசிவரை இறங்கி நின்றது. உள்ளே இருந்த ஸ்பிரிங்கும் எண்ணெயும் காற்றும் மறைந்தன. ஃபோர்க் காலை அவர் மடியில் வைத்தார்.

"இதுக்குள்ள இப்ப என்ன நடக்குதுன்னு உங்களுக்குத் தெரியுதுங்களாண்ணா?"

"தெரியலீங்க."

"எனக்கும் தெரியலீங்ணா," என்றார் கமருன்னிசா. "மூடி போட்டுட்டா நானும் அவரை மாதிரி அமுக்கித்தான் பாக்கணும்."